மேற்கோள் வழி – 9: அடைப்புக்குறிக்குள் புகுந்த ஆண்டு

ஓடில்லா நத்தை ஒன்றின் முட்டையைப் பற்றி 450 பக்கம் எழுதிய மனிதரை இன்று யார் நினைவில் வைத்திருப்பார்கள்? விலங்கியலாளர்களே பெரும்பாலும் மறந்துவிட்டார்கள். ஆனால் அவர் அந்தக் கட்டுரையின் நடுவே, போகிற போக்கில் செய்த ஒரு சின்ன ஏற்பாட்டை உலகெங்கும் ஆய்வேடு எழுதும் இலட்சக்கணக்கானோர் தினமும் செய்துகொண்டிருக்கிறார்கள்.

1881. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள கேம்பிரிட்ஜ் நகரம். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஒப்பீட்டு விலங்கியல் அருங்காட்சியகம் தன் வெளியீட்டு வரிசையின் 6-ஆம் தொகுதியில் ஒரு நெடுங்கட்டுரையை அச்சிட்டது. 173-ஆம் பக்கத்தில் தொடங்கி 625-ஆம் பக்கத்தில் முடிந்த அந்தக் கட்டுரை, லைமாக்ஸ் கேம்பெஸ்ட்ரிஸ் என்ற நத்தையின் முட்டை எப்படி முதிர்கிறது, எப்படிக் கருவுறுகிறது, பிறகு எப்படிப் பிளந்து பெருகுகிறது என்பதைப் படிப்படியாகச் சொன்னது. எழுதியவர் எட்வர்ட் லாரன்ஸ் மார்க். அதன் 194-ஆம் பக்கத்தில் ஓர் ஆய்வாளரின் பெயரை ஒட்டி, அடைப்புக்குறிக்குள், ஆண்டு வந்து உட்கார்ந்தது. மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ சிட்னியிலோ இன்று மாணவர்கள் (ஆசிரியர், ஆண்டு) என்று போடுகிறார்களே, அந்த வழக்கத்துக்கு நம்மால் சுட்டிக்காட்ட முடிகிற பிறப்பிடம் அந்தப் பக்கம்தான்.

சென்ற இதழில் கிப்பனை விட்டுவந்த இடத்தை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ரோமப் பேரரசின் வீழ்ச்சியைப் பற்றிய அவருடைய முதல் தொகுதி 1776-இல் வந்தபோது குறிப்புகள் எல்லாம் நூலின் கடைசியில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பின்பக்கம் புரட்ட வேண்டியிருக்கிறதே என்று டேவிட் ஹ்யூம் அச்சகத்தார் ஸ்ட்ராஹனுக்கு எழுதினார். பின்வந்த பதிப்பில் அவை பக்கத்தின் அடிக்கு இறங்கின. அடிக்குறிப்பு அதன்பின் நூறாண்டுகள் ராஜாங்கம் நடத்தியது. கிப்பனைப் போன்றவர்கள் கையில் அது சான்று காட்டும் இடமாக மட்டும் நிற்கவில்லை. எதிரியைச் சீண்டும் இடமாகவும், மேலே சொல்ல நா கூசுவதைக் கீழே சொல்லும் இடமாகவும் ஆனது. வரலாற்றாசிரியருக்கு இது விருந்து.

விலங்கியலாளருக்கு அந்த விருந்தில் பெரிய ருசி இல்லை. அவருக்கு வேண்டியது ஒன்றே: இதை யார் பார்த்தார், எங்கே எழுதினார். 19-ஆம் நூற்றாண்டின் ஆய்விதழ்களில் அது நட்சத்திரக் குறி, சிலுவைக் குறி, இரட்டைச் சிலுவை என்று அச்சகத்தில் கிடந்த எழுத்துருக்களையெல்லாம் வரிசையாகப் பயன்படுத்திப் பக்கத்தின் அடிக்குப் போயிற்று. ஒரு பக்கத்தில் ஏழெட்டுச் சான்று வந்தால் குறிகள் தீர்ந்துவிடும். இரட்டை நட்சத்திரம் போட வேண்டும். கீழே எழுதுவதிலும் ஒழுங்கு கிடையாது. ஒருவர் இதழின் பெயரை முழுதாக எழுதுவார், இன்னொருவர் மூன்றெழுத்தில் முடிப்பார்; ஒருவர் தொகுதி எண் தருவார், இன்னொருவர் பக்க எண்ணோடு நிற்பார். ஒரே கட்டுரையை இருபது இடத்தில் சுட்டினால் முதல் இடத்தில்தான் முழு விவரம். மற்ற பத்தொன்பதிலும் ‘மேலது’, ‘முற்குறித்த நூல்’. அந்த ‘முன்’ எந்த முன் என்று தேடிப் பின்னோக்கிப் புரட்டிய அனுபவம் நம் பழைய ஆய்வேடுகளைப் படித்தவர்களுக்கு உண்டு. அச்சுக்கோப்பவரின் பாடு இன்னும் மோசம். ஈய எழுத்துகளைக் கோத்து முடித்த பிறகு ஆசிரியர் மெய்ப்பில் ஒரு பத்தியைச் சேர்த்தால் மேலே உள்ள வரி அடுத்த பக்கத்துக்குப் போகும். அதன் அடிக்குறிப்பும் கூடவே போக வேண்டும். குறிகளின் வரிசை குலையும்.

மார்க் இந்தச் சிக்கலுக்குள் வந்து சேர்ந்த வழி நேரானது இல்லை. 1847-இல் நியூயார்க் மாநிலத்தில் ஹேம்லெட் என்ற ஊரில் பிறந்தவர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1871-இல் பட்டம் பெற்றதும் அமெரிக்காவின் வடக்கு எல்லையை அளந்த குழுவில் வானியல் வேலைக்குப் போனார். பிறகு ஜெர்மனி. லைப்சிக் நகரில் ஒட்டுண்ணிகளை ஆராய்ந்து பெயர்பெற்ற ருடால்ஃப் லாய்க்கார்ட்டிடம் படித்து 1876-இல் முனைவர் ஆனார். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் விலங்கியலை ஆழமாகப் படிக்க விரும்பியவர்களுக்கு லைப்சிக் ஒரு தீர்த்த யாத்திரைத் தலம். நுண்ணோக்கியின் முன் மணிக்கணக்கில் உட்காரும் பொறுமையும், முன்னோர் எழுதிய அத்தனையையும் ஒன்றுவிடாமல் படித்துவிட்டே பேனாவைத் தொடும் பிடிவாதமும் அங்கே சேர்த்துக் கற்பிக்கப்பட்டன. 1877-இல் ஹார்வர்டில் ஆசிரியராகச் சேர்ந்த மார்க் இரண்டையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தார். 1885 முதல் 1921 வரை அங்கே உடற்கூற்றியலின் ஹெர்சி பேராசிரியர். 1946-இல் இறந்தபோது வயது 99.

அவர் நத்தை முட்டையைக் கையில் எடுத்த நேரம் சாதாரண நேரமில்லை. கருவுறுதல் என்றால் உண்மையில் என்ன நடக்கிறது என்ற கேள்விக்கு மனித குலம் அப்போதுதான் கண்ணால் பார்த்து விடை சொல்லத் தொடங்கியிருந்தது. விந்தணு முட்டைக்குள் போகிறதா, அருகில் நின்று ஏதோ தூண்டிவிடுகிறதா என்பதே அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை வழக்கில் இருந்த விவாதம். 1875-இல் பெல்ஜியத்தின் எட்வார்ட் வான் பெனடன் முயலின் முட்டையில் இரண்டு உட்கருக்கள் நெருங்குவதைப் பார்த்தார். 1876-இல் ஆஸ்கர் ஹெர்ட்விக், மத்தியதரைக் கடலின் கடல் முள்ளெலி முட்டையில் அவ்விரண்டும் ஒன்றாவதைப் பார்த்து, அவற்றில் ஒன்று விந்தணுவிலிருந்து வந்தது என்று எழுதினார். அதே ஆண்டு ஓட்டோ பூட்ச்லியின் பெரிய ஆய்வு. சுவிட்சர்லாந்தின் ஹெர்மான் ஃபோல் ஒரே ஒரு விந்தணு நட்சத்திர மீனின் முட்டைக்குள் நுழைவதையே கண்டு, 1879-இல் ஜெனீவாவில் விரிவாக வெளியிட்டார். தாவரங்களில் ஸ்ட்ராஸ்பர்கர், செல் பிளவில் ஃப்ளெமிங் என்று அந்த ஐந்தாறு ஆண்டுகளில் ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றிலும் கட்டுரைகள் கொட்டின.

இந்த மாதிரிக் காலத்தில் எழுதுகிறவருக்கு ஆசிரியரின் பெயர் மட்டும் போதுமா? ஹெர்ட்விக் சொன்னது ஃபோல் சொல்வதற்கு முன்பா பின்பா? ஃபோல் தன் கருத்தை மாற்றிக்கொண்டாரா? 1877-இல் ஒன்றும் 1879-இல் வேறொன்றும் சொல்லியிருந்தால் நான் எதை மறுக்கிறேன்? வரிக்கு வரி இந்தக் கேள்விகள் எழும். விடை ஒவ்வொரு முறையும் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், இதழ்ப் பெயருக்கும் தொகுதி எண்ணுக்கும் பின்னால் கடைசியாக ஒளிந்துகிடக்கும். மார்க் அதைப் பிடித்து இழுத்து மேலே, பெயருக்குப் பக்கத்தில் வைத்தார். முழு விவரங்களைக் கட்டுரையின் முடிவில், 591-ஆம் பக்கம் தொடங்கி, ஒரே பட்டியலாக அடுக்கினார்.

முதன்முதலாக அப்படி எழுதிய இடத்தில் வாசகர் திகைப்பார் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. பெயரை அடுத்து வரும் எண்ணுக்கு இரண்டு வேலை: எந்தக் கட்டுரை என்று பின்னாலுள்ள பட்டியலைக் காட்டும், அது ஏறத்தாழ எப்போது வந்தது என்பதையும் அந்த இடத்திலேயே சொல்லிவிடும் என்று விளக்கம் கொடுத்தார். எங்கே கொடுத்தார்? நட்சத்திரக் குறி போட்டு, அடிக்குறிப்பில். அடிக்குறிப்பை வேலையிலிருந்து நீக்கும் உத்தரவை அடிக்குறிப்பின் கையாலேயே எழுதி வாங்கிய இந்த அழகை மார்க் உணர்ந்து ரசித்தாரா என்று அந்த வறண்ட உரைநடையிலிருந்து கண்டுகொள்ள வழியில்லை.

அந்த ‘இரண்டு வேலை’தான் இந்த முறையின் உயிர். எண்ணிட்டுச் சுட்டும் முறையும் பட்டியலைக் காட்டும். ஆனால் 17 என்ற எண் 17 என்பதைத் தவிர எதையும் சொல்லாது. ஆண்டோ, பட்டியலைத் திறக்கும் முன்பே பாதி செய்தியைச் சொல்லிவிடுகிறது. துறையறிந்தவர் பட்டியலைத் திறக்கவே வேண்டியதில்லை. பெயரும் ஆண்டும் பார்த்தாலே எந்தக் கட்டுரை என்று பிடிபட்டுவிடும். ஒருவரே ஓராண்டில் இரண்டு எழுதினால் ஆண்டை ஒட்டி ஓர் எழுத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். நடுவில் புதிதாக ஒரு சான்றை நுழைத்தால் வேறு எந்தச் சான்றின் குறியும் மாறாது. அச்சுக்கோப்பவருக்கும், பிற்காலத்தில் தட்டச்சில் ஆய்வேடு அடித்தவர்களுக்கும் இது பெரிய நிம்மதி.

மார்க்கின் தலைக்கு இது எங்கிருந்து வந்தது? அருங்காட்சியக நூலகத்தின் பட்டியலிடும் முறையைப் பார்த்து எடுத்திருக்கலாம் என்று ஒரு கருத்து உண்டு. இருக்கலாம். எனக்குத் தோன்றுவது வேறு. விலங்கியலாளர்களுக்குப் பெயரையும் ஆண்டையும் இணைத்துச் சிந்திப்பது அதற்கு முன்பே ரத்தத்தில் ஊறிய பழக்கம். ஓர் உயிரினத்துக்கு இரண்டு பேர் இரண்டு பெயர் வைத்துவிட்டால் எது செல்லும்? 1842-இல் பிரிட்டனில் ஹ்யூ ஸ்ட்ரிக்லண்ட் தலைமையில், சார்லஸ் டார்வினும் உறுப்பினராக இருந்த ஒரு குழு விதி வகுத்தது: முதலில் வைத்த பெயரே பெயர். ஆக, ஒரு பெயரின் உரிமை ஓர் ஆண்டைச் சார்ந்து நிற்கிறது. லைமாக்ஸ் கேம்பெஸ்ட்ரிஸ் என்று மார்க் தலைப்பில் எழுதியபோதுகூட அதன் பின்னால் பின்னி என்ற பெயர் ஒட்டியிருந்தது. அந்தப் பெயரை அந்த நத்தைக்குச் சூட்டிய அமெரிக்கர் அமோஸ் பின்னி. முதலில் சொன்னவர் யார் என்பதைச் சொல்லாமல் ஒரு நத்தையின் பெயரைக்கூட உச்சரிக்காத துறை அது.

இதில் ஒரு வேடிக்கையும் சேர்ந்துகொண்டது. பின்னி வைத்த பெயர் நிலைக்கவில்லை. ஐரோப்பாவில் ஓட்டோ ஃப்ரீட்ரிக் ம்யூலர் 1774-இலேயே விவரித்த நத்தைதான் அது என்று பின்வந்தவர்கள் முடிவுகட்டினார்கள். இன்று அதன் பெயர் டெரோசெரஸ் லேவே. பின்னால் அடைப்புக்குறிக்குள் (ம்யூலர், 1774). ஆண்டை மேலே தூக்கி வைத்த கட்டுரையின் நாயகனான நத்தையே, ஆண்டுக் கணக்கில் தோற்றுத் தன் பெயரை இழந்தது.

மார்க் தம் முறைக்குப் பெயர் எதுவும் வைக்கவில்லை. அதைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதவில்லை. அவர் செய்ததெல்லாம் மாணவர்களை அப்படி எழுத வைத்ததுதான். ஹார்வர்ட் விலங்கியல் ஆய்வகத்திலிருந்து வெளியேறியவர்கள் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் துறைத் தலைவர்களாகவும் இதழாசிரியர்களாகவும் அமர்ந்தார்கள். ஹெர்பர்ட் ஸ்பென்சர் ஜென்னிங்ஸ், வில்லியம் காஸில், ஜார்ஜ் ஹோவர்ட் பார்க்கர் என்று அந்த வரிசை நீளும். இவர்கள் எழுதியதையும் திருத்தியதையும் பார்த்து மற்றவர்கள் எழுதினார்கள். அக்காலக் கட்டுரைகளில் ஆண்டை முழுதாக எழுதாமல் ’79, ’95 என்று கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் போடும் வழக்கம் பரவியிருந்தது. நூற்றாண்டு திரும்பும் என்ற நினைப்பு அவர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

1903-இல் மார்க்கின் மாணவர்கள் 140 பேர் சேர்ந்து அவருக்கு ஒரு மலர் வெளியிட்டார்கள். விலங்கியலில் சான்று காட்டுவதற்கு உரிய முழுமையையும் துல்லியத்தையும், உரையிலிருந்து பட்டியலுக்குச் செல்ல வசதியான ஒரே சீரான வழியையும் கொண்டுவந்தது அந்த 1881-ஆம் ஆண்டுக் கட்டுரையே என்று அதில் நன்றியோடு பதிவு செய்தார்கள். ஆசிரியருக்கு மலர் போடும் மாணவர்கள் அவருடைய கண்டுபிடிப்புகளைப் புகழ்வார்கள். துணைநூற்பட்டியலைப் புகழ்ந்தது அரிது. அந்த 140 பேரில் ஒருவர் அப்போது அமெரிக்காவின் குடியரசுத் தலைவர்: தியடோர் ரூஸ்வெல்ட். 1876 முதல் 1880 வரை ஹார்வர்டில் படித்த அவர் இயற்கையியலாளராக வேண்டும் என்ற ஆசையோடு போனவர். அங்கே விலங்கியல் என்றால் ஆய்வகமும் நுண்ணோக்கியும்தான், காடும் பறவையும் கணக்கிலேயே இல்லை என்று கண்டு ஆசையைக் கைவிட்டதாகப் பிற்காலத்தில் தன்வரலாற்றில் குறைப்பட்டுக்கொண்டார். மார்க்கின் ஆய்வகத்தைச் சகித்துக்கொண்டிருந்தால் அமெரிக்காவுக்கு ஒரு தலைவர் குறைந்திருப்பார். நத்தை ஆய்வுக்கு ஓர் ஆள் கூடியிருப்பார்.

‘ஹார்வர்ட் முறை’ என்ற பெயர் ஒட்டிக்கொண்ட கதை இதைவிடத் தளர்வானது. ஹார்வர்ட் பல்கலைக்கழக நூலகத்துக்கு வந்த ஆங்கிலேயர் ஒருவர் இந்த ஏற்பாட்டைக் கண்டு வியந்து, ஊர் திரும்பியதும் அந்தப் பெயரால் குறிப்பிட, அதுவே நிலைத்தது என்று பிரிட்டிஷ் மருத்துவ இதழின் 1945-ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்று சொல்கிறது. ஊர்ஜிதமாகாத செய்தி. அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிரக்கணக்கானோர் ‘ஹார்வர்ட் முறை’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்களே ஒழிய, ஏன் ஹார்வர்ட் என்று கேட்டவர் அநேகமாக இல்லை. கேட்டவர் எலை செர்னின். ஹார்வர்டிலேயே பொதுச் சுகாதாரத் துறையில் இருந்த ஒட்டுண்ணி ஆய்வாளர். அவர் பழைய தொகுதிகளைப் புரட்டி, 194-ஆம் பக்கத்தையும் 1903-ஆம் ஆண்டு மலரையும் கண்டெடுத்து, 1988-இல் அதே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இரண்டு பக்கத்தில் எழுதினார். அந்த இதழ் அப்போது சான்றுகளுக்கு எண்ணிடும் முறையைப் பின்பற்றிக்கொண்டிருந்தது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

இன்னொன்று: ஹார்வர்ட் பல்கலைக்கழகம் இந்த முறைக்கு உரிமை கோருவதும் இல்லை, அதிகாரபூர்வமான கையேடு எதையும் ‘ஹார்வர்ட் முறை’ என்று வெளியிட்டதும் இல்லை. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் அதிகம் புழங்கும் இந்தப் பெயரின் கீழ் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனிக் கையேடு வைத்திருக்கிறது. ஒன்றில் ஆண்டைச் சுற்றி அடைப்புக்குறி, இன்னொன்றில் இல்லை; ஒன்றில் பெயருக்கும் ஆண்டுக்கும் நடுவே காற்புள்ளி, இன்னொன்றில் வெற்றிடம். ஒரு காற்புள்ளிக்காக மதிப்பெண் இழந்து புலம்பும் மாணவர்கள், தங்களைத் தண்டிப்பது ஹார்வர்ட் அல்ல, தங்கள் துறை அலுவலகத்தில் உட்கார்ந்து யாரோ எழுதிய கையேடு என்று தெரிந்துகொண்டால் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கும்.

பிற துறைகள் இதை எப்படி எதிர்கொண்டன என்பதில்தான் எனக்கு மிகுந்த சுவாரசியம். அமெரிக்க உளவியல் கழகம் 1929-இல் ஏழு பக்கத்தில் எழுத்தாளர்களுக்கான விதிகளை வெளியிட்டது. அது வளர்ந்து பல நூறு பக்கக் கையேடாகி, இன்று ஆசிரியர்–ஆண்டு முறையின் மிகப் பெரிய கோட்டையாக நிற்கிறது. உளவியலும் தன்னை அறிவியல் என்று கருதும் துறை. அங்கே பத்தாண்டுப் பழைய சோதனை என்றால் ஏன் என்று கேட்பார்கள். எனவே ஆண்டு முன்னால் நிற்பது பொருத்தம். இலக்கிய ஆய்வாளர்களின் அமெரிக்கக் கழகம் அப்படிச் செய்யவில்லை. 1951 முதல் அடிக்குறிப்பு விதிகளை அச்சிட்டுவந்த அது, 1984-இல் அடிக்குறிப்பைக் கைவிட்டு அடைப்புக்குறிக்கு மாறியபோது, அதற்குள் ஆசிரியர் பெயரையும் பக்க எண்ணையும் வைத்தது. ஆண்டு இல்லை. ஒரு கவிதை வாசிப்பு 1931-இல் வந்ததா 1961-இல் வந்ததா என்பது முதல் கேள்வியாக இருக்க வேண்டியதில்லை என்பது அவர்களின் முடிவு. வரலாற்றாசிரியர்கள் இரண்டுக்கும் மசியவில்லை. ஆவணக் காப்பகத்தின் கட்டு எண், தாள் எண், கடிதம் எழுதியவர், பெற்றவர், தேதி அத்தனையையும் எந்த அடைப்புக்குறியில் அடைப்பது? 1906-இல் தொடங்கிய சிகாகோ பல்கலைக்கழகக் கையேடு இன்றைக்கும் அடிக்குறிப்புக்கு ஒரு வழி, ஆசிரியர்–ஆண்டுக்கு ஒரு வழி என்று இரண்டு கதவுகளைத் திறந்து வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆக, அடைப்புக்குறிக்குள் ஆண்டைப் போடுவது வெறும் எழுத்து ஒழுங்கு என்று நாம் நினைப்பது சரியில்லை. அறிவு காலவரிசையில் முன்னேறுகிறது, முந்திச் சொன்னவருக்கே பெருமை, பிந்திச் சொன்னதே நம்பத்தக்கது என்ற விலங்கியலாளரின் நம்பிக்கை அதற்குள் இருக்கிறது. நாம் அந்த முறையை எடுத்துக்கொள்ளும்போது நம்பிக்கையும் சேர்ந்தே வருகிறது. அது பொருந்தும் இடங்களில் அற்புதமாகப் பொருந்துகிறது. வெண்குறுமீன்களுக்கு ஒரு நிறை எல்லை உண்டு என்ற முடிவுக்கு (ஆண்டர்சன், 1929, ஸ்டோனர், 1930, சந்திரசேகர், 1931) என்று சான்று காட்டினால், ஒரு விண்மீன் எல்லைக்கு ஒருவர் பெயர் மட்டும் ஏன் வந்தது என்ற நீண்ட விவாதமே அந்த ஒரு அடைப்புக்குறிக்குள் அடங்கிவிடுகிறது. பம்பாயிலிருந்து 1930-இல் கப்பலேறியபோது சந்திரசேகருக்கு வயது 19. பிற்காலத்தில் வானியற்பியலின் முதன்மையான ஆய்விதழ் ஒன்றை 1952 முதல் 1971 வரை அவரே நடத்தினார். எத்தனை ஆயிரம் அடைப்புக்குறிகளைத் திருத்தியிருப்பாரோ.

பொருந்தாத இடத்துக்கு வருவோம். தமிழ்த் துறைகளிலும் ஈழத்துப் பல்கலைக்கழகங்களிலும் இந்த முறை வந்து பல காலம் ஆகிறது. அதைக் கண்ணை மூடிப் பின்பற்றினால் குறளுக்கு (திருவள்ளுவர், 1812) என்று போட வேண்டிவரும். 1812 என்பது குறள் முதலில் அச்சேறிய ஆண்டு. கையில் இருப்பது போன வருடப் பதிப்பு என்றால் வள்ளுவர் இன்னும் இளையவர் ஆகிவிடுவார். உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ நூலாக வந்தது 1950-இல். அவர் மறைந்ததோ 1942-இல். (சாமிநாதையர், 1950) என்று எழுதும் மாணவர், ஐயர் இறந்து எட்டாண்டு கழித்து எழுதினார் என்று தெரியாமலேயே சொல்கிறார். அந்தத் தொடர் வார இதழில் வந்தது 1940-இல் தொடங்கி. இந்த வகையில் நம் பழைய உரையாசிரியர்கள் தேவலாம். ஒரு பாடலை எடுத்துக் காட்டினால் பாடலையே தந்தார்கள். நூற்பெயரும் பாட்டு எண்ணும் போடும் இன்றைய வழக்கமும் அதிலிருந்து அதிகம் விலகவில்லை. புறநானூற்றுப் பாட்டின் எண் எந்தப் பதிப்பிலும் அதுவே.

அதற்காக ஆண்டே வேண்டாம் என்று சொல்ல முடியுமா? கால்டுவெல்லின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தைப் பாருங்கள். முதற்பதிப்பு 1856. அவரே திருத்தி விரித்த இரண்டாம் பதிப்பு 1875. அவர் 1891-இல் காலமாகிவிட்டார். மூன்றாம் பதிப்பு 1913-இல் பிறர் கைபட்டு வந்தது. இரண்டாம் பதிப்பில் இருந்த சில பகுதிகள் மூன்றாவதில் இல்லை. அதற்குப் பிறகு நெடுங்காலம் புழங்கிய மறுபதிப்புகள் இந்த மூன்றாவதை ஒட்டியவை. ஒருவர் (கால்டுவெல், 1856) என்று கம்பீரமாகப் போட்டுவிட்டு 1913-இன் பக்க எண்ணைத் தந்தால் அது சான்று இல்லை, சாட்சியைக் கலைப்பது. (கால்டுவெல், 1956) என்று மறுபதிப்பின் ஆண்டை மட்டும் போட்டால் ஒரு நூற்றாண்டு தொலைந்துபோகிறது. விலங்கியலாளருக்கு ஆண்டு என்றால் யார் முந்தி என்பது. நமக்கோ எந்தப் பாடம், எவர் கை பட்டது என்பது. ஒரே இலக்கங்கள் வேறு வேறு கேள்விக்கு விடை சொல்கின்றன. நம் ஆய்வேடுகளில் நடக்கும் குழப்பத்தில் பாதி இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால் வருவது.

பெயரிலும் இடறல் உண்டு. இந்த முறை குடும்பப் பெயரைத் தேடுகிறது. நமக்கு அது இல்லை. தலைப்பெழுத்தை முன்னால் போட்டு நம் பெயரைப் பின்னால் எழுதும்வரை தப்பித்தோம்: சா. கந்தசாமி என்றால் பட்டியலில் ‘கந்தசாமி, சா.’ ஆகிவிடும், யாருக்கும் சேதமில்லை. வெளிநாட்டு விண்ணப்பம் ஒன்றில் ‘கடைசிப் பெயர்’ என்ற கட்டத்தில் தந்தை பெயரை நிரப்பிய நாளிலிருந்து, மகள் ராப்பகலாகச் செய்த ஆய்வெல்லாம் அப்பாவின் பெயரில் சுட்டப்படுகிறது. அப்பாவுக்கு அதில் ஒரு வரி புரியாது. புகழ் மட்டும் அவருக்கு.

ஆய்வேடு எழுதும் வாசகர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் துறை எந்தக் கையேட்டைக் கையில் கொடுத்தாலும் சரி, தமிழ் நூலைச் சுட்டும்போது அது முதலில் வந்த ஆண்டையும், நீங்கள் உண்மையில் புரட்டிய பதிப்பின் ஆண்டையும் சேர்த்தே எழுதுங்கள்: (கால்டுவெல், 1856/1956) என்பதுபோல. இரண்டில் எது முதல், எது கையில் இருந்தது என்பது படிப்பவருக்கு உடனே விளங்கும். பெரும்பாலான கையேடுகள் இதற்கு இடம் தருகின்றன. கேட்டால் நெறியாளரும் மறுக்கமாட்டார். பதிப்பாசிரியர் பெயரையும் பட்டியலில் விட்டுவிடாதீர்கள்.

அடுத்த இதழில் 1978: மருத்துவ இதழாசிரியர்கள் சிலர் கனடாவின் வான்கூவர் நகரில் கூடி, ஆண்டை அடைப்புக்குறியிலிருந்து வெளியேற்றி எண்ணுக்கு முடிசூட்டிய கதை.